ஒட்டிடுச்சா, ஹஃபீசா?

லப்பைக்குடிக்காட்டில் ஹஃபீசாவின் வீட்டுக் கூடத்துக்கு ஒரு பியானோ எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சிரிக்க அதிகம் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. மகள் ஆஃப்ராவுக்குப் பெரம்பலூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். ஹஃபீசாவின் புருஷன் தாஜுதீன் துபாயில் இருந்தார். ஊரில் எல்லா வீட்டிலும் போன் வராத காலம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எதிர்வீட்டு அஸ்லாம் வீட்டுக்கு அவர் பேசுவார். ஹஃபீசா தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஓட்டமாய் ஓடிப்போய் ரிசீவரை வாங்குவாள். ஒரு வார்த்தை பேசினால் அது கடலில் முங்கி எழுந்து வருகிற மாதிரி லைன்.

"ஹஃபீசா, கப்பல்ல ஒரு பியானோ அனுப்பியிருக்கேன்."

"பீரோவா? எத்தன கதவு மச்சான்?"

"கதவா? மேல ஒரு மூடி இருக்கு. நல்ல மரம். தண்ணி படாம எறக்கச் சொல்லு."

"மர பீரோவா! அல்ஹம்துலில்லாஹ். பூட்டு இருக்குல்ல?"

"பூட்டும் இருக்கு, சாவியும் இருக்கு" என்றார் அவர். லைன் அறுந்தது.

அவ்வளவு போதாதா? சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, சீரோடு துபாய் பீரோ வருகிறது என்று. லாரி வந்து நின்ற அன்று சம்பந்தியம்மா சமீராவும் பார்க்க வந்திருந்தாள். எட்டு ஆள் 'ஐலசா' போட்டு இறக்கினார்கள். கோணியைப் பிரித்து, அட்டையைக் கிழித்து, அஸ்லாம் முன்மூடியைத் தூக்கினான். உள்ளே வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் வரிசையாக இருந்தன.

சமீராதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன் சம்பந்தி, ஒங்க வூட்டு பீரோ பல்லக் காட்டுதே! துணிய எங்க வைக்கிறது, பல்லு சந்துலயா?"

கூடி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஹஃபீசாவுக்கு முகம் எரிந்தது. அப்புறம் பெரம்பலூரிலேயே ஒரு இரும்பு பீரோ வாங்கிக் கொடுத்துக் கல்யாணம் நடந்தது. பியானோ கூடத்திலேயே நின்றுகொண்டது. கல்யாணத்தன்று அதன் தலையில் வெற்றிலைத் தட்டும் சந்தனக் கிண்ணமும் வைத்தார்கள். ஊர் முழுக்க அதற்குப் 'பல்லு பீரோ' என்று பேர் நிலைத்துவிட்டது.

தாஜுதீன் துபாயில் 'வாத்தியக் கடையில' வேலை என்று மட்டும்தான் வீட்டில் தெரியும். சாமான் தூக்குகிற ஆளாகப் போய்ச் சேர்ந்து, அங்கே இருந்த கோவாக்காரர் ஒருவரிடம் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் பழகிக்கொண்டவர் அவர். ஓட்டலுக்கும் பெரிய பங்களாக்களுக்கும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரம்மா, தன் பழைய பியானோவை வேறு யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஆயுசு முழுக்க ஊரார் பியானோவைத் தொட்டவருக்குச் சொந்தமாக ஒன்று கிடைத்தது. அதைத்தான் அவ்வளவு ஆசையாக ஊருக்கு அனுப்பியிருந்தார்.

தொண்ணூற்றெட்டுக் கடைசியில் அவரே ஒரேயடியாக வந்துவிட்டார். "கம்பெனியில ஆளக் கொறைச்சுட்டாங்க" என்றார். ஹஃபீசா அதற்கு மேல் தோண்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிற மனுஷன், இனி வீட்டிலேயே இருப்பார். அவளுக்கு அது போதும்.

ஆனால் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. காதில் பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கையில் ஒரு பட்டன் வாட்ச் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் மெல்லிசாக 'பீப் பீப்' என்று இரண்டு தடவை அடிக்கும். முன்பெல்லாம் லீவில் வந்தால் கொல்லையில் நின்றாலும் அது அவர் காதில் விழும். "மணி பதினொன்னு ஆயிடுச்சு, டீ போடு ஹஃபீசா" என்று அங்கிருந்தே குரல் வரும். அவள் அதற்கு அலுத்துக்கொள்வதும் உண்டு. "ஒங்க டீக்குத் துபாய்லேர்ந்து மோதினார் வந்து பாங்கு சொல்றாரு" என்பாள்.

இந்தத் தடவை பதினொரு மணிக்கு வாட்ச் அடித்தது. அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கும் அடித்தது. கை கன்னத்தில்தான் இருந்தது, வாட்ச் காதோரத்தில்தான் இருந்தது. அவர் அசையவில்லை. ஹஃபீசா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அப்புறம் டீயைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து பதினொன்றும் நாலும் வாட்ச் அடிக்கிற நேரத்துக்கு டீ தானாக வந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே உடையார்பாளையத்துத் தறியில் பாவு பூட்டின மாதிரி கம்பிகள் நெருக்கமாக நின்றன. பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பூட்டுச் சாவி இல்லை, கைப்பிடி போட்ட நீளச் சாவி. அதைக் கம்பி சுற்றியிருந்த ஓர் ஆணியில் மாட்டி, "இங்க வா ஹஃபீசா, இத்தன வருஷமா நான் என்ன வேல பாத்தேன்னு பாக்க வேணாமா?" என்றார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு கட்டைக்கு மூணு கம்பி. மூணும் ஒரே கொரலா இருக்கணும். கொஞ்சம் பிசகினா ஒன்னோட ஒன்னு சண்ட போடும். வாவ்... வாவ்... வாவ்னு ஆடுது பாரு, கேக்குதா? சாவியத் திருப்பத் திருப்ப அந்த ஆட்டம் கொறையும். ஆட்டம் நின்னுச்சுன்னா ஒட்டிடுச்சுன்னு அர்த்தம்."

அவர் திருப்பினார். ஆட்டம் மெதுவாகி, இழுத்து, நின்றது. மூன்று கம்பியும் ஒரே கம்பி மாதிரி பேசின. ஹஃபீசாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆமா, ஒட்டிடுச்சு! புருஷன் பொண்டாட்டி கத்திக் கத்தி, கடைசியில ரெண்டு பேரும் ஒரே வாயா 'சரி'ம்பாங்களே, அது மாதிரி."

"நாம எப்ப அப்படிக் கத்தியிருக்கோம்?"

"நீங்க ஊர்ல இருந்தாத்தானே ஆட்டம் வரும்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

அடிக் கட்டைகளும் நடுக் கட்டைகளும் அன்றைக்கே சேர்ந்துவிட்டன. மறுநாள் வலது கைப் பக்கம், உச்சிக் கட்டைகளுக்கு வந்தார். அங்கே கம்பிகள் சுண்டுவிரல் நீளம்தான். அடித்தால் வெண்கலத் தட்டில் பாசிமணி விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, வந்த வேகத்தில் போய்விடும்.

"இங்கதான் வேலயே இருக்கு" என்றார். "மேல போகப் போக, கணக்குப்படி வச்சா காதுக்குத் தணிஞ்சு கேக்கும். ஒரு மயிரெழ தூக்கி வைக்கணும். எவ்வளவு தூக்கணும்னு எந்தக் கணக்கும் சொல்லாது. காதுதான் சொல்லணும். அதுவும் பலமா அடிச்சாத்தான் கம்பி நெலைக்கும்."

காதைக் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொண்டு பலமாக அடித்தார். முப்பது வருஷமாக அவர் அடித்த அடியெல்லாம் அந்தக் காதுக்குப் பக்கத்தில் அடித்ததுதான் என்று ஹஃபீசாவுக்கு அப்போது தோன்றியது.

"ஒட்டிடுச்சா, ஹஃபீசா?"

அவளுக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. "இல்லைங்க. கூசுது."

இன்னும் திருப்பினார். "இப்ப?"

"இப்பவும் இல்லைங்க."

"இப்ப?"

"இல்ல மச்சான்."

அவர் சாவியை மெதுவாகக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. திரும்பி வந்தவர் சாப்பாட்டில் கை வைத்ததோடு சரி. நாலைந்து நாள் பியானோ திறந்தபடியே கிடந்தது. ஒரு காலையில் ஹஃபீசா கொல்லைப்பக்கம் போனாள். அங்கே துணிக்கல்லில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தார், நிறுத்தினார், அடுத்த காதுக்கு மாற்றித் தேய்த்தார். அவளைக் கண்டதும் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதுகிற மாதிரி செய்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மறுபடி சாவியை எடுத்தார்.

"கேளு ஹஃபீசா. ஒட்டிடுச்சா?"

ஒட்டவில்லை. முன்னைவிட மோசம். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஒட்டிடுச்சுங்க" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

அவர் அன்றைக்கு இரண்டு தரம் தால்சா வாங்கிச் சாப்பிட்டார். ஆஃப்ராவுக்குப் போன் போட்டு, "அத்தா இங்கயே தொழில் பாக்கப் போறேன்மா" என்றார்.

அப்புறம் வாராவாரம் இதுவே நடந்தது. அவர் கேட்பார், அவள் 'ஒட்டிடுச்சு' என்பாள். யார் வந்து வாசிக்கப் போகிறார்கள் இதை? கூடத்தில் கிடக்கிற சாமான், ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன, மனுஷன் சிரிக்கிறாரே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நாமும் அதையேதான் சொல்லியிருப்போம்.

மறுவருஷம் டிசம்பரில் ரமலான் பிறந்தது. தாஜுதீன் பியானோவை மூடி அதன்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினார். "நோன்பு முடியட்டும்" என்றார். ஹஃபீசாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. நோன்பு வயிற்றுக்கு மட்டும் இல்லை, நாக்குக்கும்தான் என்று ஹஜ்ரத் தினமும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பொய் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தாள்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அரியலூரிலிருந்து தர்மராஜ் சார் வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், அங்கே கிறிஸ்தவக் கோயிலில் பியானோ வாசிக்கிறவர். வழித்துணையாக அஸ்லாமைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாய், திருச்சியிலேர்ந்து வர்றவரு ரெண்டு வருஷமா வரல. கிறிஸ்துமஸ்க்கு பிள்ளைங்க பாட்டெல்லாம் இருக்கு. பியானோ கெடக்குற கெடப்பு சொல்லி மாளாது. துபாய்ல ஓட்டலுக்கெல்லாம் சேத்தவராமே நீங்க?"

தாஜுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வர்ற புதன்கெழம வரேன் சார்."

சார் போனதும் தாஜுதீன் ஹஃபீசாவைக் கூப்பிட்டார். "நீயும் வா. ஒரு பொழுது துணைக்கு."

"நான் எதுக்குங்க? கோயில்ல நான் போயி..."

"ஒன் வாயால ஒட்டிடுச்சுன்னு கேட்டாத்தான் எனக்குக் கை ஓடுது ஹஃபீசா."

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அதுவும் பொய்தானே. புதன்கிழமை விடியுமுன் ஸஹர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் கிளம்பினார்கள். குன்னத்தில் இறங்கி அரியலூர் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாய் நின்றது. அரியலூர் நெருங்க நெருங்கச் சிமெண்ட் லாரிகளும் புழுதியும். பெட்டியை மடியில் வைத்து அதன் மேல் தாளம் போட்டுக்கொண்டே வந்தார் அவர். ஹஃபீசா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யா அல்லாஹ், இன்னைக்கு அவரு என்கிட்ட கேக்காம இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கோயில் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளைகள் காகித நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஹஃபீசா கதவோரத்துப் பெஞ்சில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்தாள். தாஜுதீன் பியானோவைத் திறந்து தூசி தட்டி, ரப்பர் ஆப்புகளைக் கம்பிகளுக்கு இடையில் செருகி வேலையை ஆரம்பித்தார். அடிக் கட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நடுக் கட்டைகள் சேர்ந்தபோது தர்மராஜ் சார் கண்ணை மூடித் தலையாட்டினார். 'எவ்வளவு நல்லா செய்யறாரு' என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பயமும் மேலே மேலே ஏறியது. அவர் கை வலப்பக்கம் நகர நகர அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சிக் கட்டைகளை அவர் தொடுகிற நேரத்தில் லுஹருக்கு நேரமாகியிருந்தது. அவள் சட்டென்று எழுந்தாள். "தொழுதுட்டு வந்துடறேங்க."

கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெரியம்மாள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்க தாயி? செவுத்துல ஏசு காலண்டர் மாட்டியிருக்கு, கழட்டட்டுமா?"

"இருக்கட்டும்க்கா. மேக்கு எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க."

"அந்தா, ஆட்டுக்குட்டி கட்டியிருக்கு பாரு, அதான் மேக்கு. அது கத்துச்சுன்னா கோச்சுக்காத, அதுக்கு நேரங்காலம் தெரியாது."

ஹஃபீசா தொழுதாள். தொழுது முடித்தும் எழுந்திருக்கவில்லை. கோயில் பக்கமிருந்து டக் டக்கென்று அடிக்கிற சத்தமும், அதன் பின்னால் மெல்லிசாக, கூசுகிற ஒன்றும் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் நிற்கும்வரை முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். தொழுகையை ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கிவிட்டோமே என்று நெஞ்சு அறுத்தது.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தர்மராஜ் சார் உட்கார்ந்து வாசித்தார். பிள்ளைகள் பசையும் கையுமாகச் சுற்றி நின்றார்கள். பாட்டு நடுவில் நன்றாக உருண்டு, சிரித்துக்கொண்டு மேலே ஏறியது. உச்சியில் போய் அவர் விரல் நின்றது. மறுபடி வாசித்தார். அதே இடத்தில் நின்றது. நட்சத்திரம் ஒட்டிய ஒரு பெண்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது.

"மேல மட்டும் கொஞ்சம்..." என்றார் தர்மராஜ் சார். "பழசு பாருங்க பாய். பரவால்ல, மேல நான் போகாம வாசிச்சுக்குறேன்."

தாஜுதீன் சிரித்தார். "இல்ல சார். மேலயும் சரியாத்தான் இருக்கு. நீங்க தணிஞ்சே கேட்டுப் பழகிட்டீங்க, அதான். கொஞ்சம் தூக்கி வச்சிருக்கேன்." உடனே திரும்பினார். "எங்க வூட்டுல காது ரொம்ப நல்ல காது சார். ஹஃபீசா! இங்க வா. நீயே சொல்லு."

அவர் கடைசிக் கட்டையை அடித்தார். பக்கத்துக் கட்டையை அடித்தார். எட்டுக் கட்டை கீழேயிருப்பதோடு சேர்த்து அடித்தார்.

"ஒட்டிடுச்சா, ஹஃபீசா?"

எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தன. ஒரு வார்த்தை. இத்தனை மாதம் சொன்ன வார்த்தைதான். நோன்பு பிடித்த இந்த வாயால் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். சொன்னால் இந்த வாத்தியார் நம்பப்போவதில்லை, பிள்ளைகள் நம்பப்போவதில்லை. அவர் ஒருவர்தான் நம்புவார். நம்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார், அங்கேயும் ஏதாவது பிள்ளை காதைப் பொத்தும்.

"ஒட்டலைங்க" என்றாள்.

அவர் காதில் விழாத மாதிரி பார்த்தார்.

"ஒட்டல மச்சான். மேல எதுவுமே ஒட்டல."

"காலையிலேர்ந்து பட்டினி. ஒனக்குக் காது அடச்சிருக்கும்."

"இல்லைங்க. நல்லாக் கேக்குது."

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வூட்டுல?"

அவள் துப்பட்டி முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வூட்டுல உள்ளது எப்பலேர்ந்து ஒட்டல, ஹஃபீசா?"

"மொதல்லேர்ந்தேங்க."

தர்மராஜ் சார் நல்ல மனுஷர். "வாங்க பிள்ளைங்களா, வெளிய போயி நட்சத்திரத்துக்கு நூல் கட்டுவோம்" என்று எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு பெரிய கோயிலில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

தாஜுதீன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அங்கேயே சொன்னாங்க ஹஃபீசா" என்றார். "ஆளக் கொறைக்கல. என்ன மட்டும்தான் போகச் சொன்னாங்க. ஒனக்கு மேல காது போயிடுச்சு தாஜுதீன்னு மொதலாளி மொகத்துக்கு நேராச் சொன்னான். நான் நம்பல. வூட்டுக்கு வந்து, ஒன்னப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். மொத தடவ நீ இல்ல, இல்லன்னு சொன்னப்ப முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். அப்பறம் ஒட்டிடுச்சுன்னே. மொதலாளி பொய்யின்னு ஆயிடுச்சு. எனக்கு ஒன் ஒரு வார்த்த போதுமா இருந்துச்சு."

ஹஃபீசா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒங்க மொகம் வாடுறதப் பாக்க முடியலங்க. அதுக்காகத்தான்..."

"தெரியுது" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எவ்வளவு அழுதாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாகப் பெஞ்சுக்குப் பெஞ்சு நகர்ந்தது. ரொம்ப நேரம் கழித்து அவர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"எந்திரி. பக்கத்துல வந்து நில்லு. ஒத்துக்கிட்ட வேல, பாதியில விட்டுட்டுப் போக முடியாது. ஆனா இந்தத் தடவ என் மொகத்தப் பாக்காத. கம்பியப் பாரு."

அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தாள்.

"இப்ப?"

"இல்லைங்க."

"ஏறிப் போச்சா, தணிஞ்சிருக்கா?"

"அது... மேல போயிடுச்சு. பல்லு கூசுற மாதிரி."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"கிட்ட வந்துடுச்சு. இன்னும் ஆடுது. வெரசா ஆடுது."

"இப்ப?"

"இல்ல மச்சான். தாண்டிப் போச்சு."

ஒவ்வொரு 'இல்ல'வும் அவள் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. அவருடையது முப்பது வருஷக் கை, மயிரிழை நகர்த்தச் சொன்னால் மயிரிழைதான் நகர்ந்தது. எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்தக் கைக்குத் தெரியவில்லை. அவள் 'ம்' என்றதும் நின்றது. ஒரு கட்டை, அடுத்த கட்டை, அதற்கு அடுத்தது. இடையில் தர்மராஜ் சார் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். அஸருக்குப் பெரியம்மாள் வீட்டுக்குப் போய், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் இருவரும் தொழுதுவிட்டு வந்தார்கள். மறுபடி நின்றார்கள்.

கடைசிக் கட்டை. அதற்கு அப்பால் மரம்தான். அவர் அடித்தார், திருப்பினார், அடித்தார்.

"இப்ப?"

ஹஃபீசா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னக் கம்பி, கீழே இருந்த கம்பியோடு சேர்ந்து, ஒரு துளி மாதிரி விழுந்து மறைந்தது. ஆட்டமும் இல்லை, கூச்சமும் இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"இப்ப, ஹஃபீசா?"

"ஒட்டிடுச்சுங்க" என்றாள். "சத்தியமா ஒட்டிடுச்சு."

அவர் இன்னொரு தடவை அடித்தார். இன்னொரு தடவை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எனக்கு மரம் தட்டுற சத்தம்தான் வருது" என்றார். "டொக்குன்னு. கதவத் தட்டுற மாதிரி."

சாவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் நேரத்தில் பெரியம்மாள் ஒரு செம்பு தண்ணீரும் நாலு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். "ஒங்க பேரிச்சம்பழமெல்லாம் எங்க ஊர்ல கெடைக்காது தாயி, இதான் இருக்கு" என்றாள். ஹஃபீசா டப்பாவில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் இரண்டை அவளுக்கும் கொடுத்தாள். கோயில் வாசலிலேயே நோன்பைத் திறந்தார்கள். உள்ளே தர்மராஜ் சார் அதே பாட்டை வாசித்தார். நடுவில் உருண்டு, மேலே ஏறி, உச்சியில் போய், நிற்காமல் திரும்பி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தாஜுதீன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு மேலே ஏறுகிறபோதெல்லாம் ஹஃபீசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குன்னத்தில் இறங்கியபோது இருட்டிவிட்டது. ஊருக்குப் போகிற பஸ் இன்னும் வரவில்லை. ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொள்ளவில்லை, காலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார்.

"இனிமே இத எடுக்க மாட்டேன்" என்றார். "நாளைக்கி நீயில்லாத எடத்துல யாரு சொல்லுவா எனக்கு?"

"நான் வரேங்க. எந்த ஊருக்குன்னாலும் வரேன்."

"கேக்குறவ நீ. அப்ப தொழில் ஒன்னுதுதானே, என்னுது இல்லையே." அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. வீட்டுப் பியானோவின் மேல் போர்த்திய வேட்டியை அவர் பெருநாளுக்கு அப்புறமும் எடுக்கவில்லை. அது பின்னால் நடந்தது.

அவர் கை ஹஃபீசாவின் கைக்குப் பக்கத்தில், வெங்காய மூட்டை மேல் இருந்தது. வாட்ச் அடித்தது. பீப் பீப்.

ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு அவள் வாயைத் திறந்ததில்லை. இப்போது அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மணி அடிக்குதுங்க" என்றாள்.

"எது?"

"ஒங்க வாட்ச். ஏழு மணி. இப்பத்தான் அடிச்சு நின்னுச்சு."

அவர் கையைத் தூக்கி வாட்சைக் காதில் வைத்துக்கொண்டார். அடித்து முடிந்துவிட்ட வாட்சை வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இன்னும் அடிக்குதா அது? செல்லு தீந்து நின்னுட்டுதுன்னுல்ல நெனைச்சேன்" என்றார். பிறகு, "எப்படி இருக்கு அந்தச் சத்தம்? மறந்தே போச்சு."

ஹஃபீசா யோசித்தாள். பொய் இல்லாமல், சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள்.

"குருவிக்குஞ்சு வாயத் தொறக்குமே, தாய் வந்ததும். அது மாதிரி. ரெண்டே ரெண்டு தடவ."

அவர் தலையாட்டினார். காதிலிருந்து கையை இறக்கி, அதை அவள் மடியில் வைத்தார்.

"அப்ப டீ குடிக்கிற நேரம்" என்றார்.

அவள் எழுந்துபோய் இரண்டு டீ சொன்னாள்.